இறால் கொட்டகையில் பதினோரு மணி நேரம்: கூலிச் சட்டம் மாறுவதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது?

பாம்பன்கரை எழுதியது:

எங்கள் அம்மா ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கம் ஓர் இறால் கொட்டகையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். லோடு அதிகமாக வந்துவிட்டால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பெடுத்துக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு. சிட்டை கிடையாது. கணக்கர் நோட்டில் பெயருக்கு நேரே கிலோவை எழுதிவைத்திருப்பார், பணத்தை எண்ணிக் கொடுத்ததும் நோட்டு மூடிவிடும்.

எனக்கு உறுத்துவது காத்திருக்கும் நேரம்தான். லோடு பத்து மணிக்கு வரும் என்பார்கள், ஒரு மணிக்கு வரும். அதுவரை முப்பது பெண்களும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே போகக் கூடாது, ஏனென்றால் வண்டி வந்தவுடன் மேசையில் நிற்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. கிலோ இல்லையே!

அப்புறம் வாட்ஸப்பில் மூன்று செய்திகள் சுற்றுகின்றன. இனிமேல் எல்லோருக்கும் பன்னிரண்டு மணி நேர வேலை என்று ஒன்று. ஒரு பெரிய தொகையைப் போட்டு, நாடு முழுவதும் இதுதான் குறைந்தபட்சக் கூலி என்று இன்னொன்று. பழைய சட்டமெல்லாம் போய்விட்டது, இனி புகாரே கொடுக்க முடியாது என்று மூன்றாவது. அம்மா மூன்றையும் என்னிடம் காட்டி, "இதில் எது நெசம்டா?" என்று கேட்டார். நான் ஐ.டி.ஐ. படித்தவன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தச் சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் எங்களைப் போன்ற வீட்டில் அதை எப்படிப் பின்தொடர்வது?

---

பழைய ஆய்வாளர் எழுதியது:

தம்பி, நான் தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று செய்திகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம்.

மூன்றாவது செய்திதான் ஆபத்தானது, அதை முதலில் சொல்கிறேன். ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1936இன் ஊதியம் வழங்கல் சட்டம், 1948இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1965இன் போனஸ் சட்டம், 1976இன் சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கையும் ஒன்றாக்கியது அதுதான். ஆறு வருடம் ஏட்டில் கிடந்துவிட்டு, 2025 நவம்பர் 21 முதல் மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. புகார் கொடுக்கும் உரிமை போகவில்லை. சொல்லப்போனால் காலக்கெடு நீண்டிருக்கிறது. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டியிருந்தது. புதிய தொகுப்பின் 45ஆம் பிரிவில் மூன்று வருடம். குறைத்துக் கொடுத்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்துக் கொடுக்கும்படி அதிகாரி உத்தரவிட முடியும்.

பழைய விதிகளும் அரசாணைகளும் ஒரே நாளில் செத்துவிடவில்லை. புதிய சட்டத்தோடு முரண்படாத அளவுக்கு, புதிய விதிகள் வரும் வரை அவை நீடிக்கும் என்று தொகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு இதற்கு முன் நிர்ணயித்த கூலியை "அது பழைய சட்டம்" என்று யாராவது தள்ளினால் நம்பாதீர்கள்.

முதல் செய்தி, பன்னிரண்டு மணி நேரம். இந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க அது வழி விட்டது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். புதிய தொகுப்புகளில் ஒன்றான பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 25ஆம் பிரிவும் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றுதான் சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்குக் கூலி, அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடு. பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு அந்தத் தொகுப்பு பொருந்தும். உங்கள் அம்மாவின் கொட்டகையில் முப்பது பேர் என்கிறீர்கள்.

தொகை பற்றிய செய்தியைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அது கொஞ்சம் நீளம்.

---

கடைத்தெரு எழுதியது:

ஐயா வருவதற்குள் தொகை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் நாலைந்து கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன்.

நம் மாநிலத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அரசாணையில் அடிப்படைக் கூலியை நிர்ணயிப்பார்கள். உப்பளத்துக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று, கடைகளுக்கு ஒன்று, செங்கல் சூளைக்கு ஒன்று. அதற்கு மேல் அகவிலைப்படி. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து அந்தப் படி ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் மாறும். அரசாணையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைக்கிற கடைக்காரர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஆணை அப்படியே இருக்கும், படி மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். தொழிலாளர் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் அந்த வருடத்துக் கூலிப் பட்டியலைப் போடுகிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் அதை இறக்கி, அச்செடுத்து, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிடுவேன்.

வாட்ஸப்பில் வருகிற பெரிய தொகை பெரும்பாலும் மத்திய அரசின் பட்டியல். அது ரயில்வே, பெரிய துறைமுகம், சுரங்கம் போன்ற மத்திய அரசு வரம்புக்குள் வரும் வேலைகளுக்கு. அதில் படி ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை மாறும்.

---

பழைய ஆய்வாளர் எழுதியது:

கடைத்தெரு சொன்னது சரி. நம் ஊரிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். பாம்பனில் புதிய ரயில் பாலத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவருக்கு மத்திய அரசு நிர்ணயித்த கூலி பொருந்தும். அதே பாலத்தின் நிழலில் கருவாடு காயப்போடுகிற பெண்ணுக்கு மாநில அரசு நிர்ணயித்த கூலி. இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். ஆளுக்கு எந்த அரசு என்று தெரியாமல் தொகையைப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

"நாடு முழுவதும் ஒரே கூலி" என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2017இல் மத்திய அரசு நாளுக்கு 176 ரூபாய் என்று ஒரு தரைமட்டக் கூலி அறிவித்தது. அப்போது அது வெறும் ஆலோசனைதான், கட்டாயமில்லை. புதிய தொகுப்பின் 9ஆம் பிரிவு அதைச் சட்டபூர்வமாக்குகிறது. மத்திய அரசு தரைமட்டக் கூலி நிர்ணயிக்கும், எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக் கூடாது. ஏற்கெனவே மேலே இருந்தால் அதைக் குறைக்கவும் கூடாது.

இனி தம்பியின் அம்மாவுக்கு நேராகப் பொருந்தும் இரண்டு பிரிவுகள். இவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, கிலோக் கூலி. தொழிலுக்கு நாள் கூலி மட்டும் நிர்ணயித்து, கிலோவுக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயிக்காமல் இருந்தால், கிலோக் கணக்கில் வேலை வாங்கினாலும் அந்த நாள் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். இது 12ஆம் பிரிவு. அன்று எத்தனை கிலோ உரித்தார் என்பது கூலியைக் கூட்டலாமே தவிர, நாள் கூலிக்குக் கீழே இறக்க முடியாது.

இரண்டு, திண்ணை. நாள் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலைக்கு வந்த ஒருவர், முழு நாளுக்கும் குறைவாக வேலை செய்ய நேர்ந்தால் முழு நாள் கூலி அவருக்கு உண்டு. வேலை செய்ய மாட்டேன் என்று அவரே மறுத்திருந்தால் இல்லை, விதியில் சொல்லும் வேறு சில விலக்குகளிலும் இல்லை. முன்பு 1948 சட்டத்தில் 15ஆம் பிரிவாக இருந்தது, இப்போது 10ஆம் பிரிவு. லோடு தாமதமாக வந்ததற்கு உங்கள் அம்மா என்ன செய்வார்? அவர் வந்துவிட்டார், உட்கார்ந்திருக்கிறார், தயாராக இருக்கிறார்.

---

உச்சிப்புளி இரவுப்பணி எழுதியது:

ஐயா திண்ணையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நான் வீட்டிலிருந்தே அமெரிக்க நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு சரிபார்க்கிற வேலை செய்கிறேன். அங்கே 1938ஆம் வருடத்து நியாயத் தொழில் தரச் சட்டம்தான் அடித்தளம். வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. மத்திய அரசு நிர்ணயித்த கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இலிருந்து மாறவே இல்லை. ஆனால் பல மாநிலங்களும் சில நகரங்களும் அதைவிட அதிகமாகத் தனித் தொகை வைத்திருக்கின்றன. எது அதிகமோ அதைத்தான் கொடுக்க வேண்டும். ஜனவரியிலும் ஜூலையிலும் எந்தெந்த ஊரில் தொகை மாறுகிறது என்று பார்ப்பதே எங்களுக்குப் பெரிய வேலை.

காத்திருக்கும் நேரம் பற்றி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1944இலேயே பேசிவிட்டது. தீயணைப்புக்காக இரவில் ஆலையிலேயே தங்கியிருந்த தொழிலாளர்களின் வழக்கு அது. சும்மா இருப்பதற்காகவே ஒருவரை வேலைக்கு வைக்கலாம், அப்படி வைத்தால் அதுவும் வேலைதான் என்பது அங்கே வந்த கருத்து.

இன்னொரு வழக்கு 1946. மிச்சிகனில் ஒரு மண்பாண்ட ஆலை. தொழிலாளர்கள் வாசலில் நுழைந்து, வேலை மேசை வரை நடந்துபோய், தயாராகும் நேரத்துக்கும் கூலி கேட்டார்கள். முதலாளியிடம் சரியான நேரக் கணக்கு இல்லை. நேரக் கணக்கை வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை, அவர் வைக்கவில்லை என்றால் தொழிலாளி நியாயமாகக் கணித்துச் சொல்வதை ஏற்கலாம், அது தவறு என்றால் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே அந்த நாட்டு நாடாளுமன்றம் நடந்துபோகும் நேரம் போன்றவற்றுக்குக் கூலி கேட்பதைக் குறுக்கிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் கணக்கு வைக்காதவர் மீது சுமை விழும் என்ற பகுதி இன்றும் நிற்கிறது.

எங்கள் வேலையில் தகராறு வந்த ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். தன் கையால் நேரம் எழுதிவைத்தவர் பேச்சுக்கு எடை இருக்கும். பாம்பன்கரை தம்பி, அம்மாவிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

---

பழைய ஆய்வாளர் எழுதியது:

நல்ல விஷயம் சொன்னீர்கள். நம் தொகுப்பிலும் 59ஆம் பிரிவு அதற்கு நெருக்கமானது. கூலி கொடுக்கவில்லை, குறைத்துக் கொடுத்தார்கள், சட்டத்தில் இல்லாத பிடித்தம் செய்தார்கள் என்று கோரிக்கை வந்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அதற்காக நோட்டு வேண்டாம் என்று அர்த்தமில்லை. எத்தனை மணி நேரம், எந்தத் தேதி என்று கேட்டால் நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டாமா? நான் விசாரித்த மனுக்களில் பாதி "ரொம்ப நாளா குறைச்சுத்தான் கொடுக்கிறாங்க சார்" என்ற ஒரு வரியோடு நின்றுபோகும். ரொம்ப நாள் என்றால் எந்த நாள் என்று கேட்டால் அந்த அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

---

உப்பளத்துப் பிள்ளை எழுதியது:

வாலிநோக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே அரசு உப்பு நிறுவனமும் இருக்கிறது, தனியார் பாத்திகளும் இருக்கின்றன. நான் சொல்வது தனியாரிடம் வேலை பார்த்த என் அப்பாவைப் பற்றி.

அதிகாலை மூன்று, நாலு மணிக்கே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் கண் கூசும், உப்பில் பட்டு வெளிச்சம் திரும்ப முகத்தில் அடிக்கும். பதினொன்றரை மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடுவதால் "அரை நாள்தானே வேலை" என்று சொல்வார்கள். மூன்றரையிலிருந்து பதினொன்றரை எத்தனை மணி நேரம்? எண்ணிப் பாருங்கள், எட்டு. வெளிச்சம் வருவதற்கு முன்னால் செய்த வேலை யார் கண்ணிலும் படவில்லை, கூலியிலும் வரவில்லை.

மழைக்காலத்தில் உற்பத்தி இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலை இல்லாத மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் மாநில அரசு கொடுக்கிறது, அது உதவியாக இருக்கிறது. ஆனால் வேலை நடக்கும் ஒன்பது மாதமும் கிடைக்க வேண்டிய கூலி கிடைத்திருந்தால் அந்த மூன்று மாதத்தை அப்பா வட்டிக்கு வாங்காமல் கடத்தியிருப்பார். முன்பணம் வாங்கியவர் கூலியைப் பற்றி வாய் திறப்பதில்லை. சட்டம் தெரிந்தும் பேசாததற்கு அதுதான் காரணம். முன்பணத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று சட்டம் ஏதாவது சொல்கிறதா ஐயா?

---

பழைய ஆய்வாளர் எழுதியது:

சொல்கிறது. முன்பணம், அபராதம், வீட்டு வாடகை எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தக் காலத்துக் கூலியில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இது 18ஆம் பிரிவு. அபராதம் மட்டும் என்றால் கூலியில் நூற்றுக்கு மூன்று. அதுவும் எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும்.

---

கடைத்தெரு எழுதியது:

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கடைத்தெருவில் ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளத்தை வெட்டுகிற வழக்கம் உண்டு. நானே அப்படிக் கணக்கு எழுதியிருக்கிறேன், தப்பு என்று தெரியாமல். வராத நேரத்துக்கு ஏற்ற அளவுதான் பிடிக்க முடியும். ஐந்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடக் கூலி. ஒரு பெண் மாதத்தில் ஆறு நாள் பஸ் தாமதத்தால் மூன்று நாள் சம்பளத்தை இழந்தார். அந்தக் கணக்கை எழுதியது என் பேனா. போன வருடம் கடை முதலாளியிடம் பேசி அந்த வழக்கத்தை நிறுத்தினேன்.

கடை ஊழியர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1947ஆம் வருடத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. ஓ.டி. சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக் கூடாது. ஓ.டி.க்கு இரண்டு மடங்கு. 2021இல் உட்காருவதற்கு இருக்கை கட்டாயம் என்று திருத்தினார்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போன பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு திருத்தத்தின் அருமை தெரியும்.

சம்பளச் சீட்டில் அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றிக் காட்டுகிறவர்கள் "ஊதியம்" என்றால் என்ன என்று புதிய ஊதியத் தொகுப்பு தரும் விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். கணக்குக்காக, ஒருவர் மொத்தம் 20,000 வாங்குகிறார், அடிப்படை 7,000, வீட்டு வாடகைப் படி போன்றவை 13,000 என்று வைத்துக்கொள்வோம். விலக்கிக் காட்டும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 10,000க்கு மேல் இருக்கும் 3,000 ஊதியத்தோடு சேரும். ஆக ஊதியம் 10,000. பணிக்கொடை, வைப்புநிதி எல்லாம் இதை வைத்து மாறும்.

---

கீழக்கரை துபாய் எழுதியது:

நான் பதினாறு வருடமாக இங்கே ஒரு கிடங்கில் இருக்கிறேன். இந்த நாட்டின் புதிய தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. எட்டு மணி நேரம், வாரம் 48. கூடுதல் நேரத்துக்கு 25 சதவீதம் அதிகம், இரவு பத்திலிருந்து அதிகாலை நாலுக்குள் என்றால் 50. கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும், தேதி தவறினால் அரசுக்குத் தெரிந்துவிடும்.

ஊரில் என் மச்சான் ஒரு கொட்டகையில் ஐஸ் உடைக்கிறான். அவனுக்கு வாரக் கூலி கையில்தான். என்றைக்கு எவ்வளவு வாங்கினான் என்று அவனுக்கே தெரியாது. இங்கே நான் கணக்குக் கேட்பதைத் தைரியம் என்று யாரும் சொல்வதில்லை, எல்லோரும் கேட்கிறோம். ஊரில் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு என்ன வழி? பெயர் வெளியே தெரியாமல் மனு கொடுக்க முடியுமா?

---

பழைய ஆய்வாளர் எழுதியது:

காக்கா (அண்ணா), மனுவை அவரேதான் போட வேண்டும் என்பதில்லை. அவர் உறுப்பினராக இருக்கும் பதிவுபெற்ற சங்கம் போடலாம். ஆய்வாளரே போடலாம். பல பேருக்குச் சேர்த்து ஒரே மனுவும் போடலாம். முப்பது பேர் ஒரே தாளில் இருந்தால் முதலாளி முப்பது பேரையும் அனுப்பிவிட்டு யாரை வைத்து இறால் உரிப்பார்?

ஏஜென்ட் மூலமாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்ட் கொடுக்கவில்லை என்றால் கொட்டகையை நடத்தும் நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். 43ஆம் பிரிவு.

---

கொட்டகைக் கணக்கு எழுதியது:

நான் இதே கரையில் இன்னொரு கொட்டகையில் கணக்கர். இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் பக்கத்து நிலைமையையும் கேளுங்கள். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். காற்று அடித்தால் அதுவும் இல்லை. இறால் கரைக்கு வந்த பிறகு அதை நிறுத்திவைக்க முடியாது, ஐஸில் கிடந்தாலும் தலை கறுக்கும். அதனால்தான் பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்ற 66ஆம் பிரிவில் மீன் பதப்படுத்தும் இடங்களுக்கு மட்டும் சரக்கு கெடாமல் இருக்க விலக்கு கொடுக்க வழி வைத்திருந்தார்கள். சட்டம் எழுதியவர்களுக்கே இந்தத் தொழிலின் அவசரம் தெரிந்திருக்கிறது.

ஆனால் அவசரத்துக்கு நேரத்தைத் தளர்த்தினார்களே தவிர, கூலியைத் தளர்த்தவில்லை. இந்த இழையைப் படித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. பாம்பன்கரை எழுதிய "நோட்டு மூடிவிடும்" என்ற வரி என்னைத் தூங்கவிடவில்லை. நானும் அப்படித்தான் மூடுகிறேன். எங்கள் நோட்டில் கிலோவுக்குக் கட்டம் இருக்கிறது, நேரத்துக்குக் கட்டமே இல்லை.

கூடுதல் நேரத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் ஐயா? முதலாளியிடம் எழுதிக் காட்ட வேண்டும்.

---

பழைய ஆய்வாளர் எழுதியது:

வாழ்க. எளிமையான கணக்கு. உதாரணத்துக்கு நாள் கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையான தொகையைத் துறையின் பட்டியலில் பாருங்கள்). எட்டால் வகுத்தால் மணிக்கு 60. கூடுதல் மணிக்கு இரண்டு மடங்கு, 120. காலை ஏழிலிருந்து மாலை ஆறரை வரை, சாப்பாட்டுக்கு அரை மணி கழித்தால் பதினொரு மணி நேரம். எட்டு போக மூன்று. மூன்று 120, அதாவது 360. அந்த நாளுக்கு 840. நாள் கணக்கில் பார்ப்பதா, வார கணக்கில் பார்ப்பதா என்றால் தொழிலாளிக்கு எது அதிகமோ அது.

மாலை ஏழுக்கு மேல் பெண்களை வைத்திருக்க அவர்களின் சம்மதம் வேண்டும், பாதுகாப்புக்கும் நீங்கள் பொறுப்பு. வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் கொடுத்துவிட வேண்டும். சிட்டை கட்டாயம், 50ஆம் பிரிவு. ஆண், பெண் வேறுபாடு பார்த்து ஒரே வேலைக்குக் கூலியைப் பிரிக்கக் கூடாது. குறைத்துக் கொடுத்தால் 50,000 வரை அபராதம், ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் செய்தால் மூன்று மாதச் சிறை வரை போகலாம் என்பதையும் முதலாளியிடம் சொல்லிவையுங்கள். பயமுறுத்த அல்ல, அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் சம்பளத்தோடு விடுமுறை. அதோடு பண்டிகை விடுமுறை ஐந்து. 1958ஆம் வருடத்து மாநிலச் சட்டம் அது. அன்றைக்கு லோடு வந்து வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளமும் மாற்று விடுமுறையும்.

---

பாம்பன்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். வேனில் ஏறியது, லோடு வந்தது, கஞ்சி குடித்தது, கை கழுவியது என்று அவரே நான்கு கட்டம் போட்டுக்கொண்டார். "கை கழுவியது" என்றால் வேலை முடிந்த நேரம். இரவு வாசல்படியில் உட்கார்ந்து எழுதுவார். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெள்ளையாக மடிந்திருக்கும், இறால் கொம்பு குத்திய இடம் சிவந்திருக்கும், பேனா சரியாகப் பிடிபடாது. நான் எழுதுகிறேன் என்றால் விடமாட்டார். "என் கையெழுத்துல இருந்தாத்தான் நான் சொன்னதுன்னு நம்புவாங்க" என்றார். அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது வாரம் கூட்டிப் பார்த்தோம். ஆறு நாளில் 62 மணி நேரம். அதில் திண்ணையில் காத்திருந்தது மட்டும் 11 மணி நேரம். ஆறில் நான்கு நாள்களில், கிலோக் கணக்கில் வாங்கிய பணம் பட்டியலில் உள்ள நாள் கூலியைவிடக் குறைவாக இருந்தது. கூடுதல் நேரத்தைச் சேர்க்காமலேயே.

பக்கத்து மேசை அக்காக்கள் பதினான்கு பேர் இப்போது நோட்டு எழுதுகிறார்கள். எழுதத் தெரியாத இரண்டு பேருக்கு அம்மா சேர்த்து எழுதுகிறார். பதினான்கு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறோம். நோட்டுகளின் நகலைத்தான் கொடுத்தோம், மூலம் வீட்டில் இருக்கிறது.

---

பழைய ஆய்வாளர் எழுதியது:

மூலத்தை யார் கேட்டாலும் கையை விட்டு விடாதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணைத் தேதி வந்தால் இங்கே எழுதுங்கள். ஏப்ரல் 1 வந்ததும் நோட்டில் ஒரு புதுப் பக்கம் திறந்து, அன்றைய அகவிலைப்படியை மேலே எழுதச் சொல்லுங்கள். பழைய பக்கத்துக்குப் பழைய தொகை, புதிய பக்கத்துக்குப் புதிய தொகை. கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது கஷ்டம்.

---

கொட்டகைக் கணக்கு எழுதியது:

எங்கள் முதலாளி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. திண்ணை நேரத்துக்குக் கூலி என்பதை வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சிட்டை கொடுக்கச் சம்மதித்துவிட்டார், புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. அதில் வந்த நேரம், போன நேரம் இரண்டுக்கும் கட்டம் போட்டிருக்கிறேன்.

சுவர்க் கடிகாரம் இத்தனை வருடமாக என் அறைக்குள் இருந்தது. நேற்று அதைக் கழற்றி உரிப்பு மேசைக்கு நேர் எதிரே மாட்டிவிட்டேன்.